கால் குடைச்சல் மாத்திரை பாதி ராத்திரியில் தீர்ந்துபோகிறதா? நீண்ட நேரம் நிற்கும் மருந்துக்கு மாறும் முன் யோசிக்க வேண்டியவை

ரெஸ்ட்லெஸ் லெக்ஸ் சிண்ட்ரோமுக்கு, அதாவது சும்மா இருக்கும்போது காலை அசைத்தே ஆக வேண்டும் என்று குடையும் நோய்க்கு, மாத்திரை ஆரம்பித்து, கொஞ்ச காலம் நிம்மதியாகத் தூங்கிய பலரும் பிறகு வந்து நிற்கிற இடம் இது: மாத்திரை ராத்திரி முழுக்கப் போதவில்லை. பத்து மணிக்குப் போட்டால் மூன்று மணிக்குக் கால் மறுபடி குடைய ஆரம்பித்து, எழுந்து வீட்டுக்குள்ளேயே நடக்க வேண்டியிருக்கிறது. வேறு சிலருக்கு மாத்திரை போடும் நேரம் வருவதற்குள் சாயங்காலமே தொந்தரவு தொடங்கிவிடுகிறது. உடனே தோன்றும் யோசனை, இன்னும் நீண்ட நேரம் வேலை செய்யும் மருந்துக்கு மாறிவிடலாம் என்பது. தோலில் ஒட்டும் பேட்ச் இருக்கிறது, மெதுவாகக் கரையும் மாத்திரை இருக்கிறது, முற்றிலும் வேறு வகை மருந்தும் இருக்கிறது. எது?

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பாதியில் படிப்பதை நிறுத்துகிறவர்களுக்கும் போய்ச் சேரட்டும். மேலே சொன்ன இரண்டும் ஒரே பிரச்சினை மாதிரி தெரிந்தாலும் ஒன்றல்ல. விடியற்காலையில் மருந்து தீர்ந்துபோவது ஒன்று. அதற்கு நீண்ட நேரம் நிற்கும் மருந்து நியாயமான விடைதான். ஆனால் தொந்தரவு தொடங்கும் நேரம் மாதத்துக்கு மாதம் முன்னால் நகர்ந்து, ராத்திரி பத்து என்பது எட்டாகி, எட்டு ஐந்தாகி, இப்போது மதியமே வந்துவிடுகிறது என்றால், அங்கே அதே வகை மருந்தின் நீண்ட நேர வடிவத்தைக் கேட்பது தவறான பாதையில் இன்னும் கொஞ்ச தூரம் போவதற்குச் சமம். இதைப் பிரித்துப் பார்க்காமல் எந்த மருந்து நல்லது என்று கேட்பதில் பிரயோஜனம் இல்லை.

தீர்ந்துபோகிறதா, கிளறிவிடுகிறதா

இந்த நோய்க்கு முதலில் எழுதப்பட்டு வந்தவை பெரும்பாலும் டோபமின் என்ற மூளை ரசாயனத்தின் வழியாக வேலை செய்யும் மருந்துகள்: லெவோடோபா, ரோபினிரோல், பிராமிபெக்ஸோல். இவை உடம்பில் தங்கும் நேரத்தில் பெரிய வித்தியாசம் உண்டு. லெவோடோபாவின் அரை ஆயுள், அதாவது ரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறைய எடுக்கும் நேரம், சுமார் ஒன்றரை மணி நேரம். ரோபினிரோலுக்குச் சுமார் 6 மணி நேரம். பிராமிபெக்ஸோலுக்கு 8 முதல் 12 மணி நேரம், வயதானவர்களுக்கு அதன் மேல் எல்லை. ஆக லெவோடோபா போட்டவர் பாதி ராத்திரியில் விழித்துக்கொள்வதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை, மருந்தின் கணக்கே அப்படி. ரோபினிரோலிலும் விடியற்காலையில் கால் மறுபடி தொடங்குவது நடக்கக்கூடியதே. பிராமிபெக்ஸோல் போடுகிறவருக்கு மூன்றே மணி நேரத்தில் வேலை தீர்ந்துபோகிறது என்றால் மட்டும் கொஞ்சம் சந்தேகப்பட வேண்டும், ஏனென்றால் மருந்து இன்னும் உடம்பில்தான் இருக்கிறது.

அந்தச் சந்தேகத்துக்குப் பேர் ஆக்மென்டேஷன். மருந்தே நோயைக் கிளறிவிடுவது என்று வைத்துக்கொள்ளலாம். 1996ல் லெவோடோபா எடுத்தவர்களிடம் ஆலன், எர்லி என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதை விவரித்தார்கள், பிறகு டோபமின் வகையின் மற்ற மருந்துகளிலும் இதே கதை தெரியவந்தது. அடையாளங்கள் ஓரளவு தெளிவானவை. தொந்தரவு முன்பைவிடச் சீக்கிரம் தொடங்கும். உட்கார்ந்தால் அரை மணி கழித்து வந்தது இப்போது ஐந்து நிமிடத்தில் வரும். காலோடு இருந்தது கைக்கோ உடம்புக்கோ பரவும். மாத்திரையின் பலன் நிற்கும் நேரம் சுருங்கும். எல்லாவற்றையும்விட முக்கியமானது, டோஸைக் கூட்டினால் சில வாரம் நன்றாக இருந்துவிட்டு மறுபடி முன்னைவிட மோசமாகும். இதில் கடைசியாகச் சொன்னதுதான் ஆட்களை ஏமாற்றுவது. கூட்டினால் குறைகிறதே, அப்படியென்றால் போதாததுதானே காரணம் என்று யாருக்கும் தோன்றும்.

நோய் தானாகவே வளர்ந்திருக்கலாமே என்று கேட்கலாம். வளரும், ஆனால் வழக்கமாக மெதுவாக, வருஷக்கணக்கில். சில மாதங்களுக்குள் தொடங்கும் நேரம் பல மணி நேரம் முன்னால் வந்திருந்தால் என் சந்தேகம் முதலில் மருந்து மேல்தான் விழும்.

ஒரு நோட்டில் இரண்டு வாரத்துக்கு எழுதிப் பாருங்கள்: தொந்தரவு எத்தனை மணிக்குத் தொடங்கியது, எங்கே, மாத்திரை எப்போது போட்டது, எப்போது அடங்கியது, எப்போது திரும்பியது. அந்த ஒரு பக்கம் டாக்டருக்கு மற்ற எல்லாப் பேச்சையும்விட உதவும், ஏனென்றால் ஆக்மென்டேஷனைக் காட்டும் ரத்தப் பரிசோதனை என்று ஒன்று கிடையாது, நேரத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

மாறுவதற்கு முன் இரண்டு விஷயம்

இரும்புச் சத்து முதலாவது. சலிப்பாக இருக்கும், ஹீமோகுளோபின் சரியாகத்தான் இருக்கிறது என்பீர்கள். இங்கே பார்க்க வேண்டியது ஹீமோகுளோபின் மட்டும் இல்லை, உடம்பில் சேமித்திருக்கும் இரும்பைக் காட்டும் ஃபெரிட்டினும், ரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் புரதம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று காட்டும் டிரான்ஸ்ஃபெரின் செறிவும். ரத்தசோகை இல்லாமலே மூளைக்குப் போகும் இரும்பு குறைந்திருப்பது இந்த நோயின் மூலத்தில் இருக்கும் விஷயம். அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி 2025 தொடக்கத்தில் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, பெரியவர்களுக்கு ஃபெரிட்டின் ஒரு மில்லிலிட்டருக்கு 75 நானோகிராமோ அதற்குக் கீழோ இருந்தால், அல்லது டிரான்ஸ்ஃபெரின் செறிவு 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால், மாத்திரையாகவோ நரம்பு வழியாகவோ இரும்பு கொடுக்கலாம். 75க்கும் 100க்கும் இடையே இருந்தால் நரம்பு வழி மட்டுமே, மாத்திரையை உடம்பு அந்த நிலையில் சரியாக உறிஞ்சாது. லேப் அறிக்கையில் 40 என்றிருந்து அதன் பக்கத்தில் நார்மல் என்று அச்சாகியிருக்கும், கால் குடைச்சல் உள்ளவருக்கு அது நார்மல் இல்லை. ஃபெரிட்டின் குறைவாக இருப்பவர்களுக்கு ஆக்மென்டேஷனும் அதிகம் வருகிறது. ஆக இதைச் சரிசெய்யாமல் மருந்தை மட்டும் மாற்றினால், புதிய மருந்தும் அதே சுமையைத்தான் தூக்க வேண்டியிருக்கும்.

பரிசோதனை காலையில் வெறும் வயிற்றில், முந்தின நாள் இரும்பு மாத்திரை எடுக்காமல் செய்வது நல்லது. காய்ச்சலோ வீக்கமோ உடம்பில் இருக்கும்போது ஃபெரிட்டின் பொய்யாக உயர்ந்து காட்டும், அப்போது செறிவு எண்ணைத்தான் நம்ப வேண்டும். நரம்பு வழி இரும்பு போட்டாலும் மறுநாளே பலன் தெரியாது, வாரங்கள் ஆகும்.

இரண்டாவது, வேறு நோய்க்காகப் போட்டுக்கொண்டிருக்கும் மருந்துகள். சளிக்கும் அலர்ஜிக்கும் போடும் தூக்கம் வரவழைக்கும் ரகங்கள், குறிப்பாக டைஃபென்ஹைட்ரமின், இந்தக் குடைச்சலைத் தூண்டிவிடும். தூக்க மாத்திரை என்று வாங்குகிற சிலவற்றில் இருப்பதும் அதே பொருள்தான், தூக்கம் வரவில்லை என்று அதைப் போட்டு இன்னும் தூங்காமல் கிடப்பது நிறைய நடக்கிறது. வாந்திக்கான மெட்டோக்ளோப்ரமைடு, மனச்சோர்வுக்கான பெரும்பாலான மருந்துகள், அவற்றில் மிர்ட்டாசபின் குறிப்பாக, மனநோய்க்கான பல மருந்துகள் எல்லாம் இந்தப் பட்டியலில் வரும். மனச்சோர்வு மருந்தை யாரும் தானாக நிறுத்தக்கூடாது. ஆனால் கால் மருந்து சமீபத்தில்தான் போதாமல் போனது, அதற்குச் சற்று முன்புதான் இது தொடங்கியது என்று தேதிகள் ஒத்துப்போனால், இரண்டு டாக்டர்களுக்கும் சொல்லியாக வேண்டும்.

மருந்தை மாற்றாமல் நேரத்தை மாற்றுவது

இதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை, செலவும் இல்லை ஆபத்தும் குறைவு. ரோபினிரோல் படுப்பதற்கு 1 முதல் 3 மணி நேரம் முன்பும், பிராமிபெக்ஸோல் 2 முதல் 3 மணி நேரம் முன்பும் போட வேண்டியவை. படுக்கையில் உட்கார்ந்து போடுகிறவருக்கு மருந்து ஏறுவதற்குள் ஒன்றிரண்டு மணி நேரம் வீணாகிறது. அதேபோல ஒரே வேளையாகப் போடும் அளவை இரண்டாகப் பிரித்து, சாயங்காலம் ஒரு பாகமும் படுக்கும் முன் ஒரு பாகமும் போடுவது சிலருக்குப் போதுமானதாக இருக்கும். நிபந்தனை ஒன்றுதான், மொத்த அளவு கூடக்கூடாது. பிரிக்கிறேன் என்று தொடங்கி நான்கு மாதத்தில் மூன்று வேளை ஆகி ஒவ்வொரு வேளையும் பழைய முழு டோஸ் அளவுக்கு வந்து நின்றால், அது பிரித்தது ஆகாது. பிராமிபெக்ஸோலில் 0.5 மி.கி., ரோபினிரோலில் 4 மி.கி. ஆகியவை இந்த நோய்க்கு மேல் வரம்பு என்று வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேலே போயிருக்கிறவர்கள் நீண்ட நேர மருந்தைப் பற்றி யோசிக்கும் கட்டத்தைத் தாண்டிவிட்டார்கள், இந்த வகையிலிருந்து எப்படி வெளியே வருவது என்பதே அவர்களுடைய கேள்வி.

பேட்ச்

நீண்ட நேரம் என்றால் பெரும்பாலானவர்களுக்கு நினைவுக்கு வருவது ரோட்டிகோட்டின் பேட்ச். தோலில் ஒட்டினால் 24 மணி நேரமும் ஒரே சீராக மருந்து இறங்கும். கால் குடைச்சலுக்கு 1 மி.கி.யில் தொடங்கி, தேவைப்பட்டால் வாரத்துக்கு 1 மி.கி. கூட்டி, அதிகபட்சம் 3 மி.கி. வரை. அமெரிக்காவில் இந்த நோய்க்கு 2012ல் அனுமதி கிடைத்தது, அதற்கு முன் 2008ல் பேட்சுக்குள் மருந்து படிகமாக உறைந்துபோகிறது என்பதால் அங்கே திரும்பப் பெறப்பட்டிருந்தது.

வசதிகளை முதலில் சொல்கிறேன். மாத்திரை நேரத்தை எண்ணிக்கொண்டிருக்கும் வேலை ஒழிகிறது. விடியற்காலை மூன்று மணி ஓட்டை அடைபடுகிறது. பகலில் நீண்ட பயணம், நீண்ட கூட்டம் என்று அசையாமல் உட்கார வேண்டியவர்களுக்கும் பாதுகாப்பு கிடைக்கிறது. வயிற்றுக்குள் போகாததால் விழுங்கச் சிரமப்படுகிறவர்களுக்கு ஏற்றது, சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கும் அளவை மாற்ற வேண்டியதில்லை. இது சின்ன விஷயம் இல்லை, ஏனென்றால் டயாலிசிஸில் இருப்பவர்களுக்கு இந்த நோய் நிறைய வருகிறது, அவர்களுக்கு மற்ற பல மருந்துகளில் கணக்குப் பார்த்துத்தான் கொடுக்க முடியும்.

தொல்லைகளில் முதலிடம் தோலுக்கு. ஒட்டிய இடம் சிவந்து அரிக்கும். ஒட்டிய இடத்திலேயே 14 நாட்களுக்கு மறுபடி ஒட்டக்கூடாது என்பதால் வயிறு, தொடை, இடுப்பு, விலா, தோள், மேல்கை என்று சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். சல்ஃபைட் அலர்ஜி உள்ளவர்கள் பக்கமே போகக்கூடாது. பின்புறத்தில் அலுமினியத் தகடு இருப்பதால் எம்ஆர்ஐ எடுக்கும் முன் கழற்றியாக வேண்டும், இல்லையென்றால் தோல் சுட்டுவிடும். வெந்நீர் ஒத்தடம், ஹீட்டிங் பேட் எதுவும் அதன்மேல் வைக்கக்கூடாது, சூட்டில் மருந்து அதிகமாக உள்ளே போகும். குமட்டல், பகல் தூக்கம் இரண்டும் இந்த வகைக்குப் பொதுவானவை.

சரி, ஆக்மென்டேஷன்? பேட்சில் அது வராது என்று கொஞ்ச காலம் நம்பிக்கையோடு பேசப்பட்டது. 5 ஆண்டு தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வில் 295 பேர் தொடங்கி 126 பேர்தான் கடைசிவரை இருந்தார்கள், கவனிக்க வேண்டிய அளவு ஆக்மென்டேஷன் சுமார் 13 சதவீதம் பேருக்கு வந்தது, அதில் பெரும்பகுதி 3 மி.கி.யைத் தாண்டியவர்களுக்கு. குறைவுதான், ஆனால் பூஜ்யம் இல்லை. எனக்கு இதைவிட உறுத்துவது வேறொன்று. ஆக்மென்டேஷனின் முதல் அடையாளமே தொந்தரவு சீக்கிரம் தொடங்குவதுதான், ஆனால் 24 மணி நேரமும் மருந்து இருக்கும்போது சீக்கிரம் தொடங்குவது எப்படித் தெரியும்? அது மறைந்து கிடக்கும், டோஸ் போதாமல் போகும்போதுதான் வெளியே வரும். ஏற்கெனவே பிராமிபெக்ஸோலில் கிளறிவிடப்பட்ட ஒருவர் பேட்சுக்கு மாறுவது, கூரை ஒழுகும் இடத்தில் சின்னப் பாத்திரத்தை எடுத்துவிட்டுப் பெரிய பாத்திரத்தை வைப்பது போலத்தான். கொஞ்ச நாள் தரை நனையாது.

பத்து வருஷத்துக்கு முன்பு வந்த நிபுணர் குழுப் பரிந்துரைகள் லேசான ஆக்மென்டேஷனுக்கு இப்படி நீண்ட நேர டோபமின் மருந்துக்கு மாறுவதையும் ஒரு வழியாகச் சொன்னதுண்டு. இப்போது காற்று மாறிவிட்டது. மேலே சொன்ன 2025 வழிகாட்டுதல் பிராமிபெக்ஸோல், ரோபினிரோல், ரோட்டிகோட்டின் மூன்றையும் வழக்கமான சிகிச்சையாகப் பயன்படுத்த வேண்டாம் என்ற பக்கம் சாய்கிறது. குறுகிய காலப் பலன் முக்கியம், பின்னால் வரும் ஆபத்தை ஏற்கிறேன் என்கிறவர்களுக்கு மட்டும் கதவைத் திறந்து வைத்திருக்கிறது. ஏற்கெனவே சின்ன டோஸில் வருஷக்கணக்கில் நன்றாக இருக்கிறவர் இதைப் படித்துப் பதறி நிறுத்த வேண்டியதில்லை.

மெதுவாகக் கரையும் பிராமிபெக்ஸோல், ரோபினிரோல் மாத்திரைகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. அவை பார்க்கின்சன் நோய்க்காக வந்தவை. டாக்டர்கள் சிலர் கால் குடைச்சலுக்கும் எழுதுகிறார்கள், தோல் அரிப்பு கிடையாது என்பதைத் தவிரப் பேட்சுக்குச் சொன்ன எல்லாச் சந்தேகமும் இதற்கும் பொருந்தும். கேபர்கோலின் இன்னும் நீளம், அரை ஆயுள் 60 மணி நேரத்துக்கு மேல், நேரக் கணக்கில் மட்டும் பார்த்தால் அதுதான் ஜெயிக்க வேண்டும். ஆனால் அது இதய வால்வுகளைத் தடிக்க வைக்கிறது என்பது 2007ல் வெளிவந்த ஆய்வுகளில் தெரிந்துபோனதால் இந்த நோய்க்கு வேண்டவே வேண்டாம்.

டோபமின் வகை எதுவானாலும், குட்டை நேரமோ நீண்ட நேரமோ, இன்னொரு விஷயத்தை வீட்டில் இருப்பவர்களும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். சூதாட்டம், கட்டுமீறிய செலவு, அடக்க முடியாத காம உணர்வு, நிறுத்தாமல் சாப்பிடுவது என்று சிலருடைய நடத்தையே மாறிப்போகும். மருந்துதான் காரணம் என்று அவர்களுக்கே தெரியாது, வெட்கத்தில் டாக்டரிடம் சொல்லவும் மாட்டார்கள். முன்னறிவிப்பு இல்லாமல் திடீரென்று தூங்கிப்போவதும் உண்டு, வண்டி ஓட்டுகிறவர்களுக்கு இது பெரிய விஷயம்.

வேறு வகைக்குப் போவது

கேபாபென்டின், ப்ரீகாபலின், கேபாபென்டின் எனாகார்பில் மூன்றும் ஒரே குடும்பம். நரம்பு செல்களில் இருக்கும் ஆல்ஃபா 2 டெல்டா என்ற புரதத்தில் போய் ஒட்டி, அளவுக்கு மீறிய சமிக்ஞைகளைக் குறைப்பவை. இங்கே ஒரு வேடிக்கை உண்டு. இவற்றின் அரை ஆயுள் 5 முதல் 7 மணி நேரம், அதாவது பிராமிபெக்ஸோலைவிடக் குறைவு. நீண்ட நேரம் நிற்கும் மருந்து வேண்டும் என்று போகிறவருக்கு அதைவிடக் குட்டையான ஒன்றைக் கையில் கொடுத்த மாதிரி. இருந்தும் பலருக்கு ராத்திரி முழுக்கப் போதுமானதாக இருக்கிறது, காரணம் இவை தூக்கத்தையும் ஆழமாக்குகின்றன, நோயைக் கிளறிவிடுவதும் மிக அரிது. மணிக்கணக்கில் நீளம் தேடுவதைவிட வருஷக்கணக்கில் நிற்குமா என்று தேடுவது நல்லது என்று எனக்குத் தோன்றுவதற்குக் காரணம் இந்த மருந்துகள்தான்.

இதற்கு ஆதாரமாக எல்லோரும் காட்டுவது 2014ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்த ஆய்வு. 719 பேர், 52 வாரம், ப்ரீகாபலின் 300 மி.கி. ஒரு பக்கம், பிராமிபெக்ஸோல் 0.25, 0.5 மி.கி. மறுபக்கம். ஆக்மென்டேஷன் ப்ரீகாபலினில் 2.1 சதவீதம், பிராமிபெக்ஸோல் 0.5 மி.கி.யில் 7.7 சதவீதம். ஒரே வருஷத்தில் இந்த வித்தியாசம் என்றால் பத்து வருஷம் மருந்து போட வேண்டியவருக்கு என்ன ஆகும் என்று நீங்களே யோசிக்கலாம்.

மூன்றுக்குள் எது? கேபாபென்டினில் உறிஞ்சுவதில் சிக்கல். ஒரு நாளைக்கு 900 மி.கி. எடுத்தால் சுமார் 60 சதவீதம் உள்ளே போகிறது, 3600 எடுத்தால் 33 சதவீதம்தான், மூன்றாகப் பிரித்து எடுத்தும் இந்தக் கதை. குடலில் அதை ஏற்றிச் செல்லும் வழி சீக்கிரம் நிரம்பிவிடுகிறது. அதனால் ஒரே வேளையில் 600 மி.கி.க்கு மேல் போட்டுப் பலன் கூடவில்லையே என்று அலுத்துக்கொள்கிறவர், அதையே சாயங்காலமும் படுக்கும் முன்பும் என்று பிரித்துப் போட்டால் நிலைமை மாறலாம். ப்ரீகாபலின் 90 சதவீதத்துக்கு மேல் உறிஞ்சப்படுவதால் இந்தத் தலைவலி இல்லை, போட்ட அளவுக்கு ஏற்ற பலன் கிடைக்கும்.

எனாகார்பில் வேறு வாசல் வழியாகக் குடலில் நுழைந்து, உள்ளே போய் கேபாபென்டினாக மாறுகிறது, மெதுவாகவும் சீராகவும். சாயங்காலம் 5 மணி வாக்கில் சாப்பாட்டோடு 600 மி.கி. ஒரே ஒரு மாத்திரை, உடைக்காமல் விழுங்க வேண்டும், அன்று மது கூடாது. இந்தக் குடும்பத்தில் உண்மையான நீண்ட நேர வடிவம் என்றால் இதுதான். ஆனால் எல்லா நாட்டிலும் கிடைப்பதில்லை. சாதா கேபாபென்டினும் இதுவும் மில்லிகிராமுக்கு மில்லிகிராம் ஒன்றல்ல, அதனால் ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை அதே எண்ணில் வாங்கிப் போடக்கூடாது. கிடைக்காத இடத்தில் ப்ரீகாபலினை எடுத்துக்கொள்ளலாம், நான் பெரிய நஷ்டமாக நினைக்கமாட்டேன்.

பக்க விளைவு இல்லாமலா? தலைசுற்றல், காலையில் மந்தம், எடை கூடுவது, கால் வீக்கம். வயதானவர்கள் ராத்திரி எழுந்து நடக்கும்போது விழக்கூடும். மனநிலை கீழே போவது, தற்கொலை எண்ணம் வருவது பற்றிய எச்சரிக்கையும் இந்த வகைக்கு உண்டு, பழைய மனச்சோர்வு உள்ளவர்கள் வீட்டில் ஒருவரிடமாவது கவனித்துக்கொள்ளச் சொல்லிவைக்க வேண்டும். மூச்சுக்கோளாறு உள்ளவர்களுக்கும், ஓபியாய்டு என்ற கடும் வலிக்கான மருந்தோடு சேர்த்து எடுப்பவர்களுக்கும் மூச்சு மந்தமாகலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2019ல் எச்சரித்தது. சிறுநீரகம் வழியாகவே வெளியேறுவதால் அங்கே கோளாறு இருந்தால் அளவைக் குறைத்தே ஆக வேண்டும்.

ஓபியாய்டு

பேரைக் கேட்டதும் பலர் பின்வாங்குவார்கள். ஆனால் டோபமின் மருந்தால் நன்றாகக் கிளறிவிடப்பட்டு, ஆல்ஃபா 2 டெல்டா வகையும் உதவாமல், ராத்திரிகள் நடையிலேயே போகிறவர்களுக்குக் கடைசியில் தூக்கம் கொடுப்பது பல நேரம் இதுதான். மெத்தடோன், புப்ரெனார்பின், நாலோக்ஸோன் சேர்த்த நீண்ட நேர ஆக்ஸிகோடோன் ஆகியவை இதில் வருகின்றன. கடைசியாகச் சொன்னதை 12 வாரம் ஒப்பிட்டுப் பார்த்து, 40 வாரம் தொடர்ந்தும் கவனித்த ஆய்வு 2013ல் லான்செட் நியூராலஜியில் வந்தது, ஐரோப்பாவில் இரண்டாம் கட்ட மருந்தாக அனுமதியும் உண்டு. மெத்தடோன் உண்மையிலேயே நீளமானது, பலருக்கு ஒரு நாள் முழுக்கத் தாங்கும், கால் குடைச்சலுக்குக் கொடுக்கும் அளவும் வலிக்குக் கொடுப்பதைவிடக் குறைவு. மலச்சிக்கல் கட்டாயம் வரும் என்றே வைத்துக்கொள்ளலாம். தூக்கத்தில் மூச்சு நிற்கும் நோய் இருந்தால் மோசமாகலாம். மெத்தடோனுக்கு ஈசிஜி பார்க்க வேண்டும், இதயத் துடிப்பின் லயத்தைக் கெடுக்கக்கூடும். அடிமையாகும் பழக்கம் முன்பு இருந்தவர்களுக்கு வேறு கணக்கு. இந்த நோயில் அனுபவம் உள்ள டாக்டரின் கையில் மட்டுமே செய்ய வேண்டிய விஷயம் இது.

மாறுவது எப்படி நடக்கிறது

மருந்தைத் தேர்ந்தெடுப்பதைவிட மாறும் காலம்தான் பலரை முறியடிக்கிறது, அதனால் இதைக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். பிராமிபெக்ஸோலிலிருந்து பேட்சுக்கு என்று அதே வகைக்குள் மாறுவது எளிது, பழையதைக் குறைத்துப் புதியதைத் தொடங்கினால் பெரிய ஆட்டம் இருக்காது. டோபமின் வகையை விட்டு வெளியே போவதுதான் கஷ்டம். பழைய மருந்தைத் திடீரென்று நிறுத்தவே கூடாது. வழக்கமான முறை, பழையது இருக்கும்போதே ப்ரீகாபலின் மாதிரி ஒன்றைத் தொடங்கி, அது வேலை செய்யும் அளவுக்குக் கொண்டுவந்த பிறகு, பழையதைச் சின்னச் சின்னப் படியாக இறக்குவது. பிராமிபெக்ஸோலில் மிகச் சிறிய மாத்திரை 0.125 மி.கி., ஒவ்வொரு படியும் அந்த அளவில் இருக்கலாம், எத்தனை நாளுக்கு ஒரு படி என்பதை டாக்டர் ஆளைப் பார்த்துச் சொல்வார்.

ஒவ்வொரு படியிலும் குடைச்சல் கூடும், பிறகு கொஞ்சம் அடங்கும். கடைசி மாத்திரையை விட்ட அடுத்த சில ராத்திரிகள் மிக மோசமாக இருக்கும், சுத்தமாகத் தூக்கம் வராத ராத்திரிகளும் அதில் இருக்கலாம். இது நிலைத்து நிற்பதில்லை, பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்துக்குள் தணிகிறது. ஆனால் இங்கேதான் ஒரு தவறான முடிவு எடுக்கப்படுகிறது: புதிய மருந்து வேலையே செய்யவில்லை என்று தூக்கிப் போட்டுவிட்டுப் பழையதற்கே திரும்பிப் போவது. பழைய மருந்து உடம்பில் இருக்கும்வரை, அது விலகும் கொந்தளிப்பு அடங்கும்வரை, ப்ரீகாபலினுக்கு மதிப்பெண் போட முடியாது. தேர்வு நடந்துகொண்டிருக்கும்போதே முடிவைக் கேட்பதில் நியாயம் இல்லை. பழையது முழுக்க நின்று சில வாரம் ஆன பிறகு, அப்போதும் போதவில்லை என்றால்தான் போதவில்லை என்று சொல்ல வேண்டும்.

அதனால் தேதியைப் பார்த்துத் தொடங்குங்கள். தேர்வு, கல்யாணம், வேலையில் முக்கியமான கெடு எதுவும் இல்லாத வாரங்கள், முடிந்தால் கடைசிப் படிக்கு விடுப்பு. அந்த நாட்களில் வண்டி ஓட்ட வேண்டாம். கடைசிச் சில ராத்திரிகளைக் கடக்க டாக்டர்கள் சிலர் குறுகிய காலத்துக்குக் குறைந்த அளவு ஓபியாய்டு கொடுப்பதுண்டு, அதைத் தொடங்கும் முன்பே கேட்டுவைப்பது நல்லது, ராத்திரி இரண்டு மணிக்குக் கேட்க முடியாது. பதற்றம், சோர்வு, எதிலும் பிடிப்பில்லாமை, பழைய மாத்திரைக்காக ஏங்குவது ஆகியவை கால் குடைச்சலோடு சேர்ந்து வந்தால் அதுவும் டோபமின் மருந்து விலகுவதன் அறிகுறிதான். வாரக்கணக்கில் நீடித்தால் உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும், சமாளித்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கக் கூடாது.

நான் எந்தப் பக்கம்

புதிதாக மருந்து தொடங்குகிறவர், சிறுநீரகம் நன்றாக இருக்கிறது, எடை பெரிய பிரச்சினை இல்லை என்றால் இரும்பைச் சரிசெய்துவிட்டு ஆல்ஃபா 2 டெல்டா வகை. இதில் எனக்கு ஊசலாட்டம் இல்லை. வருஷக்கணக்காகச் சின்ன டோஸ் ரோபினிரோல், தொடங்கும் நேரம் மாறவே இல்லை, விடியற்காலை மட்டும்தான் ஓட்டை என்றால் முதலில் நேரத்தையும் பிரிப்பதையும் பார்த்துவிட்டு, அப்புறம் ராத்திரி மட்டும் ப்ரீகாபலின் சேர்ப்பதா, பேட்சா என்று யோசிக்கலாம், பேட்ச் என்றால் குறைந்த டோஸில் நின்றுவிடுவது என்று முன்கூட்டியே முடிவு செய்துகொண்டு. தொடங்கும் நேரம் நகர்ந்திருந்தால் பேட்சை விட்டுவிடுங்கள், எவ்வளவு வசதியாக இருந்தாலும். டயாலிசிஸில் இருப்பவர், அதிக எடையோடு மூச்சுக்கோளாறும் உள்ளவர், கடுமையான மனச்சோர்வு இருந்தவர் ஆகியோருக்கு கேபாபென்டின் குடும்பமே சிக்கல் என்பதால் அவர்களுக்குப் பேட்ச் மறுபடி கணக்கில் வருகிறது. கர்ப்பிணிகளுக்கு இந்த ஒப்பீடு எதுவும் பொருந்தாது, அங்கே இரும்பிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

டாக்டரிடம் போகும்போது நீண்ட நேர மருந்து எழுதிக்கொடுங்கள் என்று கேட்பதற்குப் பதிலாக, இரண்டு வார நோட்டையும், ஃபெரிட்டின் அறிக்கையையும், மற்ற எல்லா மாத்திரைகளின் பட்டியலையும் மேஜையில் வைத்து, இது ஆக்மென்டேஷனா, வெறும் நேரக் குறைவா என்று கேளுங்கள். மருந்தின் பேர் அதற்கடுத்த கேள்வி.